திரையில் தோன்றும் பழுதும் அதன் பிறப்பிடமும்

1980ஆம் ஆண்டில் யப்பான் நாட்டு நம்கோ நிறுவனம் ‘பக்மன்’ என்னும் விளையாட்டு இயந்திரத்தை வெளியிட்டது. மஞ்சள் நிறமான வட்ட உருவம் ஒன்று, ஒடுங்கிய பாதைகளிற் கிடக்கும் புள்ளிகளை விழுங்கிக்கொண்டே, துரத்திவரும் பேய்களிடமிருந்து தப்பியோட வேண்டும் என்பதே அவ்விளையாட்டு. ஒரு கட்டத்தின் புள்ளிகள் யாவும் தீர்ந்தால் அடுத்த கட்டம் தொடங்கும். ஆனால் மிகுந்த திறமையோடு 256ஆம் கட்டத்தை எட்டியவர்கள் விந்தையான ஒரு காட்சியைக் கண்டனர். திரையின் இடப்பாதி வழக்கம்போல் இருந்தது. வலப்பாதியோ எழுத்துகளும் இலக்கங்களும் வண்ணத் துணுக்குகளும் சிதறிய குப்பையாகக் கிடந்தது. விழுங்குவதற்குப் போதிய புள்ளிகள் அங்கு இல்லாமையால் அக்கட்டத்தை முடிக்கவும் இயலவில்லை.

பார்ப்பவர் எவரும் இயந்திரத்தின் உள்ளே ஏதோ ஒரு பலகை எரிந்துவிட்டதென்றே கருதுவர். உண்மை அதுவன்று. கட்டத்தின் எண்ணைக் குறித்துவைப்பதற்கு அந்நிரலில் ஒதுக்கப்பட்ட இடம் எட்டு பிட் அளவினதே. அவ்வளவு இடத்தில் 0 முதல் 255 வரையுள்ள எண்களே அடங்கும். எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கியமையால் 256ஆம் கட்டத்தில் அவ்வெண் 255 ஆகியது. திரையின் அடியிற் பழங்களின் படங்களை வரையும் பகுதி அதனோடு ஒன்றைக் கூட்டியபோது, விடை 256 ஆகாமல் மீண்டும் பூச்சியமாயிற்று. ஏழு பழங்களுக்கு மேல் வரையக்கூடாத அப்பகுதி, பூச்சியத்தைக் கண்டு நிலைதவறி 256 பழங்களை வரைய முற்பட்டது. பழங்களின் படங்கள் தீர்ந்தபின், நினைவகத்தில் அடுத்து எது கிடந்ததோ அதையெல்லாம் படமென எடுத்துத் திரையில் வைத்தது. எந்தப் பலகையை மாற்றினும் இக்கோளாறு நீங்காது. ஏனெனில் பலகைகள் யாவும் தமக்கிட்ட பணியை வழுவின்றியே செய்துகொண்டிருந்தன.

இன்றைய கணினி விளையாட்டுகளுக்கும் பக்மனுக்கும் உள்ள தூரம் பெரிது. எனினும் திரையிற் படம் சிதறியவுடன் ஆடுபவருடைய மனத்தில் எழும் முடிவு மட்டும் மாறவில்லை. கடைகளில் ‘கிராபிக்ஸ் கார்ட்’ என வழங்கும் வரைகலை அட்டை பழுதாயிற்று என்பதே அம்முடிவு. விளையாட்டுக்கென அமைத்த கணினி ஒன்றில் மற்றெல்லா உறுப்புகளினும் விலை மிகுந்தது பெரும்பாலும் அவ்வட்டையே. மாதக்கணக்கிற் பணம் சேர்த்து அதனை வாங்கிய மாணவன் ஒருவன், திரையிற் கோடுகளைக் கண்ட அன்றே அதனைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, கடன்பட்டு வேறொன்று வாங்கிப் பூட்டுகிறான் என்று வைத்துக்கொள்க. கோடுகள் அப்படியே இருக்கின்றன. பழுது அட்டையில் இருக்கவில்லை. நூற்றிலொரு பங்கு விலையும் பெறாத ஒரு வடத்தில் இருந்தது. இத்தகைய இழப்பைத் தவிர்ப்பதற்கு மின்னியற் புலமை வேண்டியதில்லை. பழுது எவ்விடத்திற் பிறக்கிறது என்று ஒழுங்காக வினவத் தெரிந்தாற் போதும்.

அதற்குப் படம் செல்லும் வழியைச் சற்று அறிதல் வேண்டும். எந்த உருவம் எங்கே நிற்க வேண்டும், ஒளி எத்திசையிலிருந்து விழ வேண்டும் என்ற கட்டளைகளை விளையாட்டின் நிரல் பிறப்பிக்கிறது. ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி மென்பொருள் அக்கட்டளைகளை அந்தந்த அட்டைக்கு விளங்கும் மொழியிற் பெயர்த்துக் கொடுக்கிறது. அட்டையிலுள்ள சில்லு உருவங்களைச் சிறு சிறு முக்கோணங்களாகக் கணித்து, அவற்றின்மேல் மரப்பட்டை, செங்கல், மனிதத் தோல் முதலியவற்றின் படங்களைப் போர்த்தி, முடிந்த படத்தை அட்டையின் சொந்த நினைவகத்தில் எழுதிவைக்கிறது. அங்கிருந்து அப்படம் வெளிவாயில் வழியாக வடத்தில் இறங்கித் திரையை அடைகிறது. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 2,073,600 படப்புள்ளிகள் உள்ளன. செக்கனுக்கு 60 படங்கள் என்ற வழக்கமான வேகத்தில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன், ஒரு செக்கனில் நிறம் தீர்மானிக்கப்படும் புள்ளிகளோ பன்னிரண்டு கோடிக்கு மேல். இத்துணை வேகத்தில் நிகழும் வேலையிற் பிழைகள் இவ்வளவு அருமையாகவே நேர்கின்றன என்பதே வியப்புக்குரியது.

நிரல், டிரைவர், சில்லு, நினைவகம், வாயில், வடம், திரை என்னும் இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஆடுபவர் காண்பது திரையிலேயாம். ஆகவே, கண்ணுக்குத் தோன்றுமிடத்தைப் பழுதின் இடமெனக் கொள்ளலாகாது.

முதலில் எழுப்ப வேண்டிய வினா, பழுது எப்பொழுது தோன்றுகிறது என்பதாகும். கணினிக்கு மின் கொடுத்தவுடன், இயங்குதளம் ஏறுவதற்கு முன்னரே, தயாரிப்பாளரின் சின்னமோ சில எழுத்து வரிகளோ திரையிற் காணப்படும். அந்தக் கணத்தில் விளையாட்டு இல்லை. அட்டைக்குரிய டிரைவர் இல்லை. அட்டை சூடேறவும் இல்லை. அப்பொழுதே கோடுகளோ புள்ளித் தொகுதிகளோ தோன்றுமாயின், விளையாட்டையும் டிரைவரையும் நீக்கி நீக்கி மீண்டும் நிறுவுவது வீண்வேலை. குற்றம் அட்டையிலோ, அது செருகப்பட்ட விதத்திலோ, வடத்திலோ, திரையிலோதான் இருத்தல் வேண்டும்.

தொடக்கச் சின்னம் தெளிவாக இருந்து, இயங்குதளம் ஏறியபின் படம் குலைந்தால், ஐயம் டிரைவரின்மேல் முதலிற் செல்லும். எனினும் அட்டையை அது முற்றாக விடுவித்துவிடாது. டிரைவர் விழித்தெழுந்த பின்னரே அட்டை தன் முழு வேகத்தில் இயங்கத் தொடங்குகிறது. மெதுவாக நடக்கையில் தெரியாத நொண்டல் ஓடும்போது தெரிவது போல, அட்டையின் குறை அப்பொழுது வெளிப்படுதலும் உண்டு. நாள் முழுவதும் எழுத்து வேலை பார்க்கையிற் குறையின்றி இருந்து, விளையாடத் தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குப் பின்னரே பழுது தோன்றுமாயின் வெப்பத்தையும் மின்வழங்கலையும் நாட வேண்டும். ஒரே ஒரு விளையாட்டில் மட்டும், அதுவும் முதல் நிமிடத்திலிருந்தே, நிழல்கள் மினுக்கிக்கொண்டும் சுவர்கள் காணாமற்போயும் இருந்து, ஏனைய விளையாட்டுகள் செவ்வையாக ஓடுமாயின், அட்டையை அஞ்ச வேண்டியதில்லை. அவ்விளையாட்டுக்கும் டிரைவருக்கும் இடையே ஏதோ பிணக்கு என்பதே பெரும்பாலும் விடையாகும்.

இரண்டாவது வினா இன்னும் கூர்மையானது. அதற்கு விடை காண்பதற்கு ஒரு செப்பமும் செலவாவதில்லை. பழுது தோன்றிய வேளையிலேயே, விசைப்பலகையிலுள்ள உரிய விசையை அழுத்தி ‘ஸ்கிரீன்ஷொட்’ ஒன்று எடுத்துக்கொள்ளல் வேண்டும். இது திரையைக் கமராவாற் படம்பிடிப்பது அன்று. திரைக்கு அனுப்பப்படுவதற்காக நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும் படத்தை அப்படியே படியெடுப்பதாகும். வடமும் திரையும் இப்படியெடுத்தலில் எவ்விதப் பங்கும் கொள்வதில்லை. அந்தக் கோப்பை வேறொரு கணினியிலோ கைத்தொலைபேசியிலோ திறந்து பார்த்தால், பழுது அதிலும் காணப்படுகிறதா என்பது தெரிந்துவிடும்.

காணப்படின், படம் நினைவகத்தை அடையும் முன்னரோ அங்கு இருக்கும்போதோ கெட்டுவிட்டது. வடத்தையும் திரையையும் மறந்துவிடலாம். காணப்படாவிடின், சில்லு சரியான படத்தையே வரைந்திருக்கிறது. அது வெளியே செல்லும் வழியிற் கெடுகிறது. இவ்வொரு சோதனை சங்கிலியை நடுவில் வெட்டி இரண்டாக்கி விடுகிறது. ஆயினும் ஒரு சிறு விதிவிலக்கை நினைவில் வைத்தல் நன்று. நினைவகத்திலுள்ள படத்தை வாசித்து வடத்துக்கு அனுப்பும் உறுப்பும் அட்டையிலேயே இருக்கிறது. அது பழுதானால் ஸ்கிரீன்ஷொட் தூய்மையாக இருக்க, குற்றவாளி அட்டையாகவே இருக்கக்கூடும். அட்டையின் வேறொரு வாயிலில் வடத்தை மாற்றிச் செருகிப் பார்த்தல் இந்த ஐயத்தைத் தீர்க்க உதவும்.

திருத்துபவரிடம் உதவி கேட்போர் பெரும்பாலும் திரையைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்தே அனுப்புகின்றனர். அப்படத்தைக் கொண்டு பழுது உண்டு என்று சொல்லலாமேயன்றி, அது எங்கே உண்டு என்று சொல்ல இயலாது. இரு படங்களையும் சேர்த்து அனுப்புபவர் தமக்கும் திருத்துபவருக்கும் அரை நாளை மிச்சமாக்குகிறார்.

வடத்தின் குற்றங்கள் வடத்தின் வகைக்கேற்ப வேறுபடும். பழைய விஜிஏ வடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் மூன்று தனி ஊசிகளின் வழியே செல்கின்றன. நீலத்துக்குரிய ஊசி வளைந்துபோனால் வெண்மை யாவும் மஞ்சளாகத் தோன்றும்; சிவப்பு அறுந்தால் திரை நீலப்பச்சையாகும்; பச்சை அறுந்தால் ஊதா கலந்த சிவப்பாகும். திரை முழுவதும் ஒரே சாயலில் மூழ்கியிருப்பதைக் கண்டவுடன் அட்டையைக் கழற்றாமல் வடத்தின் ஊசிகளை எண்ணிப் பார்ப்பவரே அறிவாளி. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வூடு’ அட்டைகள் முப்பரிமாணப் படங்களை மட்டுமே வரைந்தன. சாதாரணப் படத்தை வரைவதற்கு வேறோர் அட்டை வேண்டியிருந்தது. அதன் படம் ஒரு குறுவடத்தின் மூலம் வூடு அட்டைக்குள் நுழைந்தே திரைக்குச் சென்றது. அக்காலத்தில் எழுத்துகள் மங்கித் தெரிகின்றன என்று வருந்திய பலரிடம், அந்தக் குறுவடமே மங்கலுக்குக் காரணமாயிருந்தது.

இக்காலத்து எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோட் வடங்களில் படம் எண்களாகச் செல்கிறது. ஆதலால் மங்கலோ சாயலோ தோன்றுவதில்லை. அவ்வடம் நலிவுற்றால், திரையெங்கும் வெண்புள்ளிகள் பொரிபோலத் தெறிக்கும். அல்லது படம் ஓரிரு செக்கன் முற்றாக இருண்டு மீளும். திரையின் வேகத்தையோ நுணுக்கத்தையோ ஒரு படி குறைத்தவுடன் இக்கோளாறு மறையுமாயின், வடம் தன்மேல் ஏற்றப்பட்ட சுமையைத் தாங்கவில்லை என்பதற்கு அதனினும் நல்ல சான்று தேவையில்லை. கடற்கரையை அடுத்த ஊர்களில் உப்புக்காற்று உலோக முனைகளை அரித்துவிடுதலும் உண்டு. வடத்தைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகினாற் பழுது தற்காலிகமாக நீங்குவதும், சில வாரங்களில் திரும்பி வருவதும் இதன் அடையாளங்கள்.

இங்கு நகைப்புக்கிடமான ஒன்றையும் கூறல் வேண்டும். கணினிப் பெட்டியின் பின்புறத்திற் பல வேளைகளிற் படவாயில்கள் இரண்டு இடங்களில் இருக்கும்: ஒன்று தாய்ப்பலகையினுடையது, மற்றது வரைகலை அட்டையினுடையது. புதிய அட்டையைப் பூட்டியவர் பழைய பழக்கத்தால் வடத்தைத் தாய்ப்பலகையிற் செருகிவிட்டு, விளையாட்டு நொண்டுகிறது என்றும், திரையே எரியவில்லை என்றும் முறையிடுதல் மிகச் சாதாரணமாக நிகழ்வது.

பழுதல்லாத பழுதொன்றும் உண்டு. விரைந்து திரும்பும்போது படம் குறுக்கே வெட்டுண்டு, மேற்பாதி ஒருபுறமும் கீழ்ப்பாதி மறுபுறமும் விலகி நிற்கும். திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாகத் தீட்டிக்கொண்டிருக்கையில், அட்டை அடுத்த படத்தை இடையிற் புகுத்திவிடுவதே இதற்குக் காரணம். ‘வீ-சிங்க்’ என்ற அமைப்பை இயக்கினால், ஒரு படம் தீட்டி முடியும்வரை அடுத்தது காத்திருக்கும், வெட்டும் மறையும். இதனாற் கட்டளைக்கும் காட்சிக்கும் இடையே சிறு தாமதம் உண்டாகலாம் என்பதால், விரைவை நாடும் ஆட்டக்காரர் சிலர் வெட்டையே விரும்பி ஏற்கின்றனர்.

இனி, ஸ்கிரீன்ஷொட்டிலும் காணப்படும் பழுதுகளுக்கு வருவோர், அதன் வடிவத்தை உற்றுநோக்குதல் நன்று. ஒரே இடைவெளியில் ஒழுங்காக அடுக்கிய கட்டங்களும் நிறப் புள்ளிகளும் அட்டையின் நினைவகத்தைச் சுட்டுகின்றன. ஒழுங்கான கோலம், முகவரிகளின் ஒழுங்கிலிருந்து பிறப்பது. உருவங்களின் முனைகள் நீண்டு இழுபட்டு வானைத் துளைக்கும் ஈட்டிகளாகத் தோன்றினால், முக்கோணங்களின் கணிப்பிற் பிழை நேர்ந்திருக்கிறது. சில்லு அதிவெப்பம் அடைந்தாலும், அதன் தகுதிக்கு மிஞ்சிய வேகத்தில் ஓட்டப்பட்டாலும் இது நிகழும். சில அட்டைகள் தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்டு வருகின்றன. ஆண்டுகள் சென்றபின் அந்த வேகம் அவற்றுக்குப் பொறுக்காமற் போவதுண்டு. வேகத்தை 50 அல்லது 100 மெகாஹேட்ஸ் குறைத்தவுடன் திரை தெளியுமாயின், அட்டை இறந்துவிடவில்லை, களைத்திருக்கிறது என்று கொள்ளலாம். குறைந்த வேகத்தில் அது இன்னும் நெடுங்காலம் உழைக்கவும் கூடும்.

டிரைவரைப் பற்றிய செய்தி சற்று விரிவானது. விண்டோஸ் இயங்குதளத்தில், விஸ்தா காலத்திலிருந்து, ஒரு காவல் ஏற்பாடு உண்டு. வரைகலை அட்டை ஒரு வேலையை ஏற்று இரண்டு செக்கன்களுக்குள் விடையளிக்காவிடின், இயங்குதளம் அதனை மயங்கியதாகக் கருதி மீட்டெழுப்பும். திரை ஒருகணம் இருண்டு, டிரைவர் நின்று மீண்டது என்ற அறிவித்தல் தோன்றும். இதைப் படித்தவர்கள் டிரைவரே குற்றவாளி என்று முடிவு செய்துவிடுகின்றனர். உண்மையில் அவ்வறிவித்தல் விடை வரவில்லை என்று மட்டுமே கூறுகிறது. ஏன் வரவில்லை என்பதை அது கூறவில்லை. வெப்பம், மின்குறைவு, நினைவகப் பழுது ஆகிய எதுவும் அதே மௌனத்தை உண்டாக்கலாம்.

மறுபுறத்தில், டிரைவர் உண்மையிலேயே குற்றம் புரிந்த வேளைகளும் உண்டு. 2010 மார்ச்சில் என்விடியா நிறுவனம் 196.75 என்ற இலக்கமுள்ள டிரைவரை வெளியிட்டது. விளையாட்டுகளின்போது சில அட்டைகளில் விசிறியின் வேகம் உரியவாறு ஏறவில்லை என்ற முறைப்பாடுகள் எழுந்தன. அட்டைகள் அளவுக்கு மீறிச் சூடாகும் நிலை ஏற்பட, நிறுவனம் அந்த டிரைவரை மீட்டுக்கொண்டது. மென்பொருளின் பிழை வன்பொருளைச் சுட்டெரிக்கும் என்பதற்கு இது சான்று. பழுது தோன்றிய நாளுக்குச் சற்று முன்னர் டிரைவர் புதுப்பிக்கப்பட்டிருந்தால், முந்திய பதிப்புக்குத் திரும்பிப் பார்ப்பதே முறை. புதியது எப்பொழுதும் சிறந்தது என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. பழைய டிரைவரின் எச்சங்கள் கிடக்க அதன்மேல் மற்றொன்றை நிறுவுவதும் குழப்பம் விளைவிக்கும். முற்றாக நீக்கியபின் நிறுவல் வேண்டும்.

சோதனை செய்வோர் பலர் தவறும் இடமும் இதுவே. டிரைவரை மாற்றி, வடத்தை மாற்றி, விளையாட்டின் அமைப்புகளையும் மாற்றியபின் பழுது நீங்கினால், நீக்கியது எது என்று எவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வரும்போது மூன்றையும் மீண்டும் செய்ய நேரிடும். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, அதன் விளைவை ஒரு தாளிற் குறித்துவைத்தல் நேரத்தை வீணாக்குவது போலத் தோன்றினும், முடிவில் அதுவே குறுக்குவழி.

வெப்பத்தின் கதைக்கு நல்லதோர் உதாரணம் 2010 யூலையில் கிடைத்தது. அப்பொழுது வெளியான ‘ஸ்டார்கிராப்ட் 2’ விளையாட்டில், போர்க்களத்தைக் காட்டிலும் எளிய தெரிவுத் திரைகளிலேயே சில அட்டைகள் மிகுந்த வெப்பமடைந்தன. எளிய காட்சியில் அட்டைக்கு வேலை குறைவுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இடப்படாமையால், எளிய காட்சியை அட்டை செக்கனுக்கு எத்தனை முறை வரைய முடியுமோ அத்தனை முறையும் ஓய்வின்றி வரைந்து தள்ளியது. படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பிடுமாறு, அமைப்புக் கோப்பிற் சேர்ப்பதற்கு இரு வரிகளைப் பிலிசார்ட் நிறுவனம் அறிவித்தது. 2021 யூலையில் ‘நியூ வேர்ல்ட்’ என்ற விளையாட்டின் முன்னோட்டத்தின்போது சில விலையுயர்ந்த அட்டைகள் அடியோடு செயலிழந்தன. விளையாட்டே அட்டைகளைக் கொல்கிறது என்ற கூக்குரல் எழுந்தது. ஈவிஜிஏ நிறுவனம் தன்னிடம் திரும்பிவந்த அட்டைகளை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபின், அவற்றின் மின்சுற்றிற் பற்றாசு வைத்த வேலையிலிருந்த குறையே காரணமென்று தெரிவித்தது. நலமான அட்டை வரம்பற்ற வேலையைத் தாங்கும். குறையுள்ள அட்டையை அது காட்டிக்கொடுக்கும்.

கடும் விளையாட்டின்போது 65 முதல் 85 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை பல அட்டைகளுக்கு இயல்பானதே. எல்லையைத் தாண்டும்போது அட்டை தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பொழுது படம் சிதையாமல், ஓட்டம் மட்டும் தளரும். பெரும்பாலும் இதற்குக் காரணம் தூசி. தூசியை ஊதியகற்றும்போது விசிறியின் இதழ்களை விரலாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும். கட்டற்றுச் சுழலவிட்டால் அதன் அச்சு கெடும். வீட்டுத் தூசி உறிஞ்சியை உள்ளே நுழைத்தல் ஆகாது. நிலைமின்னால் சில்லுகள் கெடக்கூடும். சில ஆண்டுகள் சென்ற அட்டையிற் சில்லுக்கும் வெப்பந்தாங்கிக்கும் இடையிலுள்ள பசை உலர்ந்துபோயிருத்தலும் கூடும்.

மின்குறைவின் அடையாளம் வேறு. திரை திடீரென்று இருள, விசிறிகள் இரைச்சலிடும். அல்லது கணினி முழுவதும் தானே நின்று மறுபடி தொடங்கும். தாய்ப்பலகையின் செருகுமிடம் அட்டைக்கு 75 வாற்று வரையே வழங்கும். ஆறு ஊசி இணைப்பு மேலும் 75 வாற்றும், எட்டு ஊசி இணைப்பு 150 வாற்றும் தர வல்லன. ஒரே வடத்தின் இரு கிளைகளிலிருந்து இரண்டு எட்டு ஊசி இணைப்புகளுக்கும் மின் கொடுப்பதைவிட, தனித்தனி வடங்களைப் பயன்படுத்துவது ஏற்றது. 2022 ஒக்டோபரில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றில், 600 வாற்று வரை தாங்குமென வகுக்கப்பட்ட புதிய இணைப்பு உருகிப்போனது. அடுத்த மாதம் என்விடியா நிறுவனம், உலகளவில் ஏறத்தாழ ஐம்பது முறைப்பாடுகள் வந்துள்ளனவென்றும், இணைப்பு முற்றாகச் செருகப்படாமையே அவற்றிற் பொதுவாகக் காணப்படுகிறதென்றும் கூறியது. இறுக அழுத்தாமற்போன ஒரு செருகியின் விளைவு இது. ஆயினும் இவ்வளவு எளிதில் அரைகுறையாக நின்றுவிடும் செருகியை வகுத்தவர்களும் பழியிலிருந்து தப்ப முடியாது.

எல்லாம் சோதித்தபின்னும் குற்றம் சில்லின் அடியிலேயே என்று தெரிந்தால் என் செய்வது? இங்கேதான் சமையலறை அடுப்பு என்னும் விந்தையான வைத்தியம் நுழைகிறது. அட்டையின் உறுப்புகளைக் கழற்றிவிட்டு, அதனை அடுப்பில் வைத்துச் சூடாக்கினாற் பிளந்த பற்றாசு உருகி ஒட்டிக்கொள்ளும் என்பது பலரின் நம்பிக்கை. 2006 யூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி மின்னணுப் பொருள்களில் ஈயம் தவிர்க்கப்பட்டது. ஈயமற்ற பற்றாசு உருகுவதற்கு ஏறத்தாழ 217 பாகை செல்சியஸ் வேண்டும். வீட்டு அடுப்பில் அவ்வெப்பம் சீராகச் சேர்வதில்லை. அன்றியும், பிளவு பெரும்பாலும் அங்கு இருப்பதுமில்லை.

எக்ஸ்பொக்ஸ் 360 என்ற விளையாட்டுப் பெட்டி மூன்று சிவப்பு விளக்குகளைக் காட்டி மடிந்துகொண்டிருந்தமையால், 2007 யூலையில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்குரிய உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையை ஒதுக்கியது. வெப்பம் மாறிமாறி ஏறி இறங்கியதாற் சில்லின் பொதிக்குள்ளேயுள்ள நுண்ணிணைப்புகள் உடைந்தன என்று 2021இல் வெளியான அந்நிறுவனத்தின் ஆவணப்படத்தில் விளக்கப்பட்டது. 2008 யூலையில் என்விடியா நிறுவனமும், மடிக்கணினிகளுக்கான தனது சில சில்லுகளின் பொதிப்பொருள் நலிவுற்றிருந்தமைக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. பிளவு சில்லுக்கும் அதன் சிறு தகட்டுக்கும் இடையே நிகழுமாயின், அடுப்பின் சூடு அதனைச் சற்று விரித்து, சில நாள்களோ வாரங்களோ தொடவைக்கும். பின்னர் அது மீண்டும் விலகும். இடையில் அடுப்பில் எழுந்த நச்சுப் புகையோ அடுத்த வேளை உணவோடு கலக்கும். ஆதலின் இது திருத்தம் அன்று. இவ்வாறு சுட்ட அட்டைகளைப் பிறருக்கு விற்போரைப் பற்றிக் கூறுவதற்கு நல்ல சொல் இல்லை.

பழைய அட்டைகளின் சந்தை பெரிதாகிவிட்டமையால் இவ்வெச்சரிக்கை இன்று மிகவும் பொருந்தும். 2022 செப்டெம்பர் 15 அன்று ஈதரியம் என்னும் எண்முறை நாணயம், வரைகலை அட்டைகளைக் கொண்டு கணிக்கும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக அப்பணியில் உழைத்த அட்டைகள் பல, விற்பனைக்கு வந்தன. உழைத்த அட்டை யாவும் கெட்ட அட்டை அல்ல. ஒரே வெப்பத்தில் இடைவிடாது ஓடிய சில்லைவிட, நாள்தோறும் சூடேறி ஆறிய சில்லு கூடுதலாக நொந்திருக்கலாம். விசிறிகளும் பசையும் மட்டும் தேய்ந்திருப்பது உறுதி.

இத்தகைய அட்டையை வாங்குபவர், விற்பவருடைய கணினியிலேயே அதனைச் சோதித்தல் நன்று. முன்னர்க் கூறிய தொடக்கத் திரையை முதலிற் காண வேண்டும். ஆகவே கணினியை அணைத்து, மீண்டும் தொடக்குமாறு கேட்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டைக் காட்டுவது போதாது. பின்னர்க் கடினமான விளையாட்டு ஒன்றை அரைமணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலையின் எண் ஏறி எங்கே நிலைகொள்கிறது என்று நோக்கல் வேண்டும். விசிறிகளில் உராய்வொலி கேட்கிறதா என்று செவிகொடுக்கவும் வேண்டும். இறுதியாக, வடத்தை அட்டையின் ஒவ்வொரு வாயிலிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தல் வேண்டும். நான்கு வாயில்களில் ஒன்று ஊமையாக இருப்பதை விலைபேசி முடித்தபின் வீட்டிற் கண்டுபிடிப்பதிலும், அங்கேயே கண்டுபிடித்து அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்பது எளிது.